கூரை யாருடையது?

கடந்த தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் மூலை வீடு. கோழிப் பிரட்டலும் ரசமும் முடிந்து, எல்லாரும் வாசல் பக்கம் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கைப்பேசியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார்.

"இந்த மாசம் கரண்டு பில் 14 வெள்ளி. ரெண்டு ஏர்கோன் ஓடுது. பார்த்துக்குங்க."

அவர் கூரையில் சோலார் தகடுகளைப் போட்டது நான்தான். வயர்மேன் வேலைக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கடந்த ஏழெட்டு ஆண்டாகச் சோலார்தான் என் பிழைப்பு. அண்ணன் பெருமையாகச் சொன்னதும் எனக்கும் மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அக்கா அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்கும் போட முடியாதாடா தம்பி? பணம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பார்க்கலாம்கா" என்றேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது மூலையில் நாற்காலியில் இருந்த அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த சோலாரும் ராத்திரி 10 மணிக்கு அணைஞ்சிடுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணனும் நானும் சிரிக்கவில்லை. அப்பா எதை நினைத்துக் கேட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் எஞ்சின்காரர். பால்மரம் வெட்டத்தான் முதலில் போனார். பிறகு ஜெனரேட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. தோட்டத்து லயங்களுக்கு மாலை 6.30க்கு வெளிச்சம் வரும். இரவு 10 மணிக்குப் போய்விடும். விடியற்காலை பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மறுபடியும் வரும். அவ்வளவுதான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா ஒரு தடவை விளக்கை மினுக்கிக் காட்டுவார். படம் பார்க்கிறவர்கள் அரிசிக் கஞ்சியை முடிப்பதும், பெண்கள் பாய் விரிப்பதும், நாங்கள் புத்தகத்தை மூடுவதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. 1990இல் ஆறாம் ஆண்டுச் சோதனைக்கு அந்த விளக்கில்தான் படித்தேன்.

துரை பங்களாவுக்குத் தனி ஜெனரேட்டர். அது இரவு முழுக்க ஓடும். லயத்தில் இருந்து பார்த்தால் மேட்டில் அந்த ஒரு வீடு மட்டும் வெளிச்சமாகத் தெரியும். சின்ன வயதில் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. துரை வீடு என்றால் வெளிச்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கல்யாணம், திருவிழா என்றால் நேரத்தை நீட்டிக்கக் கிராணியிடம் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். டீசல் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில். ஒருநாள் எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இழுத்துக்கொண்டு கிடந்தார். பத்து மணி ஆயிற்று. அப்பா அணைக்கவில்லை. பாட்டியின் உயிர் பிரிந்து, குளிப்பாட்டி, வாயில் வெற்றிலை வைத்து முடிக்கிற வரைக்கும் எஞ்சின் ஓடியது. மறுநாள் டீசல் கணக்கு உதைத்தது. அப்பாவுக்கு ஒருநாள் சம்பளம் வெட்டு. அதைப் பற்றிப் பிற்காலத்தில் கேட்டபோது அவர் கோபப்படாமல் சொன்னார்: "எஞ்சின் எங்கிட்ட இருந்துச்சு. சாவி கிராணிகிட்ட இருந்துச்சு."

தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான தண்ணீரும் மின்சாரமும் முதலாளி தர வேண்டும் என்று 1990இல் ஒரு சட்டம் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு மின்கம்பம் வந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். எஞ்சின் வீட்டைப் பூட்டினார்கள். அப்பாவை மறுபடியும் வெட்டுக்காட்டுக்கு அனுப்பினார்கள். 24 மணி நேர வெளிச்சத்தை நாங்கள் சரியாக ஐந்து ஆண்டு அனுபவித்திருப்போம். 1999இல் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள்.

லயத்து வீட்டுக்குள் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் அது தோட்டத்துச் சொத்து. வேலை போனால் வீடும் போய்விடும். அப்பா தனக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தோடு இ.பி.எஃப். சேமிப்பையும் சேர்த்து, 25,000 ரிங்கிட்டுக்கு மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினார். ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. எங்கள் பரம்பரையில் முதல் சொந்த வீடு. சாவியைக் கையில் வாங்கிய அன்று அவர் அதை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா போன பிறகு, கணவரை இழந்த அக்கா அப்பாவோடு அந்த வீட்டில் இருக்கிறார். அக்கா கேட்ட "எங்க வீடு" அதுதான்.

அதற்கு ஏன் சோலார் போட முடியாது? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சோலார் பற்றிய பேச்செல்லாம் கரியமிலவாயு, பருவநிலை என்று உயரத்தில் நடக்கிறது. நடுவில் இருக்கிற கணக்கு வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2011இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. கூரையில் சோலார் போட்டு மின்சாரத்தை விற்றால் 21 ஆண்டுக்கு நிலையான விலை. 2012இல் சின்ன வீட்டுக் கூரைக்கு அடிப்படை விலையே ஒரு யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 23 சென். அதே யூனிட்டை நாம் கடைசிப் படியில் வாங்கினாலும் அதில் பாதி விலைகூட வராத காலம் அது. அப்போது தகடுகளின் விலை அதிகம். அதனால் கையில் பெரிய தொகை இருந்தவர்கள் போட்டார்கள், இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தவறு என்று சொல்ல முடியாது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குக் காட்டியது அக்காவின் பில். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் தம் பழைய பில்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்து, நான் போனபோது எடுத்துப் பரப்பினார். ஒரு பில்லில் விரலை வைத்து, "இது என்னடா? சில மாசம் வருது, சில மாசம் வரமாட்டேங்குது" என்றார். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி என்று மலாயில் சுருக்கமாகப் போட்டு, 1.6 விழுக்காடு என்று இருந்தது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போனால் அது விழும். வெயில் காலத்தில் அப்பா அறையில் பழைய ஏர்கோன் ஓடுகிற மாதங்களில் அக்கா அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். தொகை ஒரு ரிங்கிட் சொச்சம்தான். ஆனால் கூரையில் சோலார் போட்டவர்களுக்குக் கொடுக்கிற விலை இந்த நிதியிலிருந்துதான் போகிறது என்று விளக்கியபோது, அக்கா அந்தப் பில்லை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அப்ப நானும் கொஞ்சம் குடுத்திருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு 2016இல் நெம் என்ற திட்டம் வந்தது. பகலில் நம் கூரை உற்பத்தி செய்து மிஞ்சுகிற மின்சாரம் கம்பிக்குப் போகும். நம் பில்லில் கழித்துக்கொள்வார்கள். 2019 முதல் ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழிவு. 2021இல் வீடுகளுக்கான பிரிவுக்கு நெம் ரக்யாட் என்று பெயர் வைத்தார்கள். ரக்யாட் என்றால் மக்கள். 2024 ஏப்ரலில் ஒரு கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட், அதிகபட்சம் 4,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும் வந்தது. என் கைப்பேசி ஓயாமல் அடித்தது. 2025 ஜூன் மாதத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. இப்போது 2026 ஜனவரியில் அதன் இடத்துக்கு வேறொன்று வந்திருக்கிறது. அதற்குச் சோலார் அத்தாப் என்று பெயர். அத்தாப் என்றால் மலாயில் கூரை. நம் பாட்டன், பூட்டன் காலத்துத் தோட்டத்து வீடுகளுக்கு வேய்ந்த அதே அத்தாப்பு.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கூரை இருந்தால் வரலாம்.

வாடிக்கையாளர் யாராவது அழைத்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "சொந்த வீடா? தரை வீடா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் மேலே பேசுவேன். அடுக்குமாடி என்றால், "மன்னிச்சிடுங்க, முடியாது" என்று ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவேன். அடுக்குமாடியில் நமக்குச் சொந்தம் நான்கு சுவருக்குள் இருக்கிற இடம்தான். கூரை பொதுச்சொத்து. அதில் ஒருவர் தன் மீட்டருக்குத் தகடு போட முடியாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதே கதை. இப்படி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணி வைக்கவில்லை. பேச்சுத் தமிழில் தோட்டத்து வாடை அடித்த பலர் அதில் இருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வெளியேறிய நம்மவர்கள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்த இடம் இந்த மலிவு விலை அடுக்குமாடிகள்தாமே.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஜூன் வரைக்கும் இருந்த கட்டண முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென். 300ஐத் தாண்டினால் 51.6 சென். ஆகவே, அதிகம் பயன்படுத்துகிற வீட்டில் சோலார் ஒரு யூனிட்டுக்கு 51 சென்னை மிச்சப்படுத்தியது. சிக்கனமாக வாழ்கிற வீட்டில் அதே வெயில், அதே தகடு 21 சென்னைத்தான் மிச்சப்படுத்தும். அக்காவுக்குத் தரை வீடே இருந்திருந்தாலும், போட்ட பணத்தை எடுக்க அண்ணனைவிட இரண்டு மடங்கு காலம் ஆகியிருக்கும். குறைந்த கட்டணம் அக்காவைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் சோலாரின் இலாபம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் உண்மை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா ஒருநாள், "தோட்டத்துக்குப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். கோயிலைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்றாம்.

எங்கள் தோட்டம் இப்போது சோலார் பண்ணை. தோட்டத்தை வாங்கியவர்கள் வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. சில காலம் செம்பனை இருந்தது. பிறகு அதையும் வெட்டி, வேறு ஒரு நிறுவனம் தகடுகளை நட்டது. 2016இலிருந்து பெரிய சோலார் பண்ணைகளுக்கு அரசாங்கம் ஏலம் விட்டு வருகிறது. சிலாங்கூரில் கோலா லங்காட், எங்கள் கெடாவில் குருண் என்று 50 மெகாவாட் பண்ணைகள் எழுந்தன. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கைந்து ஏக்கர் வேண்டும். அவ்வளவு சமமான, சாலையும் மின்கம்பியும் பக்கத்தில் இருக்கிற நிலம் எங்கே கிடைக்கும்? பழைய தோட்டங்களில்தான்.

காரை விட்டு இறங்கியதும் அப்பா கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலக் கறுப்புத் தகடுகள், நிரை பிடித்து. பால்மரத்தையும் அப்படித்தான் நிரை பிடித்து நட்டிருந்தார்கள். பாதுகாவலர் ஒரு நேப்பாளத் தம்பி. அவரிடம் அப்பா மலாயில் கேட்டார், இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று. கட்டும்போது நூற்றுக்கணக்கில் இருந்தார்களாம். இப்போது காவலுக்கு நாலு பேர், புல் வெட்டச் சிலர், எப்போதாவது வந்து பார்க்கிற டெக்னீஷியன்கள்.

"நம்ம காலத்துல நூத்துச் சொச்சம் குடும்பம்" என்றார் அப்பா என்னிடம், தமிழில்.

வேலிக்கு உள்ளே ஒரு கொள்கலன் மாதிரி நிலையத்திலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர். தகட்டிலிருந்து வருகிற மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற கருவி. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். "எஞ்சின் வீடு இங்கேதான் இருந்துச்சு" என்றார். அது அவ்வளவு துல்லியமாக அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கோயில் வேலிக்கு வெளியே இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டதற்கும், வழி விட்டதற்கும் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கோயில் நிலத்துக்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் மீட்டர் கிடைக்கவில்லை. ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வருகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கான மின்சாரம். இந்தப் பக்கம் மாரியம்மனுக்குப் பெட்ரோல் ஊற்றி வெளிச்சம்.

பண்ணைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். 2021இல் முடிவு அறிவித்த ஏலத்தில் சில நிறுவனங்கள் ஒரு யூனிட்டை 20 சென்னுக்கும் குறைவாகத் தர முன்வந்தன. பத்தாண்டுக்கு முன்பு 1 ரிங்கிட் 23 சென் கொடுத்த இடத்தில் இது பெரிய காரியம். 2050க்குள் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2023இல் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டம் சொல்கிறது. நல்ல இலக்கு. நிலக்கரிப் புகையைவிட இது ஆயிரம் மடங்கு மேல். என் கேள்வி வேறு. நிலம் மாநில அரசாங்கத்தின் கையில். மின்சாரம் மத்திய அரசாங்கத்தின் கையில். ஏலத்தில் விலையைப் பார்க்கிறார்கள், கொள்ளளவைப் பார்க்கிறார்கள். அந்த மண்ணில் முன்பு யார் இருந்தார்கள், பக்கத்தில் இருக்கிற கோயிலுக்கும் குடியிருப்புக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்பது இரண்டு பேரில் யார் வேலை? கேட்க யாரும் இல்லாததால்தான் அது விட்டுப்போகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதை நான் சிங்கப்பூரில் பார்த்தேன். சித்தப்பா மகன் உட்லண்ட்ஸில் வீவக வீட்டில் இருக்கிறான். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பக்கத்துப் புளோக்கின் உயர மாடியில் இருந்து பார்த்தால் கீழே வரிசையாகக் கூரைகளில் தகடுகள். தொழில் புத்தி, விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில், வீவக புளோக்குகளையும் அரசாங்கக் கட்டடங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய குத்தகையாக விடுகிறார்கள். தகட்டை நிறுவனம் போட்டுப் பராமரிக்கும். அந்த மின்சாரம் மின்தூக்கிக்கும், நடைபாதை விளக்குக்கும், தண்ணீர் பம்புக்கும் போகிறது. பயன்படுத்திய அளவுக்கு நகர மன்றம் பணம் கட்டும். மிஞ்சியது கம்பிக்குப் போய்விடும்.

"உன் பில் குறையுதா?" என்று கேட்டேன்.

"என் பில்லு இல்லண்ணே. லிஃப்டு பில்லு" என்றான்.

அவனுக்கு அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டாகத் தனி மீட்டர், தனிக் கூரை என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுக்குமாடிக் கூரை யாருக்கும் சொந்தமில்லை என்று போனை வைத்துக்கொண்டிருந்தேன். அது எல்லாருக்கும் சொந்தம் என்றும் சொல்லலாம் அல்லவா? அங்கே எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கழகம் இருக்கிறது, சேர்த்துச் செய்கிறார்கள். இங்கே ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் தனித்தனி நிர்வாக மன்றம். கஷ்டம்தான். ஆனால் பொது மீட்டர் எல்லா இடத்திலும் இருக்கிறது. பம்பும் விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. அந்த மீட்டருக்குத் தகடு போட வழி உண்டு.

ஊர் திரும்பியதும் அப்பா வீட்டு அடுக்குமாடியின் நிர்வாக மன்றத் தலைவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். நல்ல மனிதர். வழக்கமான கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். கீழ்த்தளக் கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள்.

கணக்கைச் சொன்னேன். நான்கு கட்டடத்துக்கும் சேர்த்துப் பொது மீட்டர் பில் மாதம் 1,100 ரிங்கிட் சுற்றி வருகிறது. பாதிக்கு மேல் தண்ணீர் பம்பு. கூரையில் 12 கிலோவாட் போட்டால் ஏறக்குறைய 40,000 ரிங்கிட் செலவு. மாதம் 400, 500 ரிங்கிட் மிச்சமாகும். ஏழெட்டு ஆண்டில் போட்டது திரும்பிவிடும். பேட்டரி தேவையில்லை. பம்பை நடுப்பகலில் ஓட்டிக் கூரையில் இருக்கிற பெரிய தொட்டியை நிரப்பிக்கொண்டால் போதும். தொட்டிதான் நம் பேட்டரி.

முன்வரிசையில் ஒருவர் கேட்டார், "என் வீட்டு பில் எவ்வளவு குறையும்?"

"குறையாது" என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. பின்னால் இருந்த ஒரு சீன அம்மா, பராமரிப்புக் கட்டணமே பாதிப் பேர் கட்டுவதில்லை, கட்டுகிறவர்கள் தலையில்தான் இதுவும் விழும் என்றார். அவர் சொன்னது நியாயம். மாதம் 40 ரிங்கிட் கட்டணத்தில் பாக்கி ஆயிரக்கணக்கில் நிற்கிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம் என்றார் இன்னொருவர். தேர்தல் வந்தால் சுவருக்குச் சாயம் கிடைக்கும், சோலார் கிடைக்குமா என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அப்பா எழுந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை. மலாயில் பேசினார். தாம் முன்பு தோட்டத்தில் எஞ்சின் பார்த்தவர் என்றார். பம்பு காலை 5.30க்கும் மாலை 6 மணிக்கும்தான் அதிகம் ஓடுகிறது, மூன்றாவது மாடியில் படுத்திருந்தாலும் தமக்கு அதன் சத்தம் கேட்கும் என்றார். மத்தியானத்தில் ஓட்டினால் தொட்டி மாலை வரைக்கும் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், பார்க்காமல் பணம் போடக்கூடாது என்றார். "அந்தக் கணக்கை நான் எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கணக்கு எடுப்போம். அதற்குள் பாக்கியில் கொஞ்சமாவது வசூலானால், அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. அந்தச் சீன அம்மாதான் பொருளாளர். பன்னிரண்டு மாதப் பொது மீட்டர் பில்களை நகல் எடுத்து மறுவாரமே எனக்குக் கொடுத்துவிட்டார்.

வாக்கெடுப்பில் என்ன ஆகும் என்று தெரியாது. தோற்கவும் தோற்கலாம். நாற்பது ரிங்கிட் கட்டவே திணறுகிற குடும்பத்திடம் ஏழு ஆண்டுக்குப் பிறகு வரப்போகிற மிச்சத்தைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. அரசாங்கம் தரை வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த 4,000 ரிங்கிட் மாதிரி ஒன்றை இப்படிப்பட்ட பொதுக் கூரைகளுக்கும் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அடுக்குமாடி மக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து அக்காவுடையது.

என் தொழிலிலும் ஒன்று மாறியிருக்கிறது. அடுக்குமாடியிலிருந்து யாராவது அழைத்தால் இப்போது போனை வைப்பதில்லை. "உங்க நிர்வாக மன்றத் தலைவர் யாரு?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார்கள். சிலர் திரும்ப அழைக்கிறார்கள்.

போன வாரம் அப்பாவைப் பார்க்கப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் 555 புத்தகம், காதில் பென்சில். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுகிற அதே சின்னப் புத்தகம். திறந்து பார்த்தேன். தேதி, பம்பு ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம். கோணல் எழுத்து, ஆனால் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"எஞ்சின் வீட்டுலயும் இப்படித்தான் எழுதணும். டீசல் கணக்குக்கு" என்றார்.

"இது யாருக்குக் காட்டணும்பா?" என்று கேட்டேன், சும்மா.

அப்பா கொஞ்சம் யோசித்தார். கீழே பம்பு ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. மணியைப் பார்த்து எழுதிவிட்டு, "நமக்குத்தான்" என்றார்.